சாப்பாட்டுக்கு முன்னாடி

பால் பண்ணையில் சீஸ் தொட்டியைக் கழுவி முடிப்பதற்குள் அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும். சீஸ் கட்டியை அள்ளியபின் மிஞ்சும் வெளிறிய தண்ணீரை இத்தனை வருஷமாகச் சாக்கடையில்தான் திறந்துவிட்டாள். இப்போது ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்.

“பன்னிக்கு ஊத்தறதைப் புருஷனுக்கு ஊத்தறியாக்கும்?” என்றார் மேஸ்திரி.

“ரெண்டும் சொன்ன பேச்சு கேக்காது, மேஸ்திரி.”

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சாப்பிட்டதும் அவருக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறியது. அடுத்த பரிசோதனையிலும் இறங்காவிட்டால் வண்டி கிடையாது என்று டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி நர்ஸ்தான் வழி சொன்னாள். “அந்தத் தண்ணியில புரதம் இருக்குக்கா. சாப்பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம் குடிச்சா, வயிறு சாப்பாட்டை மெதுவா கீழ தள்ளும். இன்சுலினும் முந்திக்கிட்டுச் சுரக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க.”

அவர் சாப்பிடும் நேரத்தில் அவள் பண்ணையில் இருப்பாள். வீடு திரும்பினால் பாட்டில் காலியாகக் கவிழ்ந்திருக்கும். அதைப் பார்த்தே நிம்மதியாகப் படுத்துவிடுவாள்.

பரிசோதனையில் சர்க்கரை இறங்கவே இல்லை.

“நெசமா முன்னாடிதான் குடிச்சீங்களா?” என்று நர்ஸ் துருவினாள்.

“தட்டுக்கு முன்னாடியேதான் வெச்சுக்குவேன். சாப்பிட்டு முடிச்சதும் ஒரே மடக்கு!”

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கை கடுக்கத் தூக்கிவந்த பாட்டில்கள் எல்லாம் வீண். பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

டிப்போவில் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தவணை வாங்கினார்கள். மேஸ்திரியிடம் சொல்லி ஷிப்டை மாற்றிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரே உட்கார்ந்தாள். தட்டு அவள் கைக்கடியில் இருந்தது.

“குடிச்சாச்சுடி. தட்டைக் குடு.”

“கொஞ்சம் பொறுங்க. அது மொதல்ல வயித்துல வேலை செய்யட்டும்.”

“பசி உயிர் போகுது. ஜெயிலர் அம்மா!”

தினமும் இதே பேச்சுதான். அதற்குள் அவள் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பாள். தட்டை உருவினால் மட்டும் கண் திறக்கும்.

மறுபரிசோதனை அன்று அவர் பண்ணை வாசலுக்கே வந்துவிட்டார். “இறங்கிடுச்சு. தூர வண்டி கிடையாதாம். ஊருக்குள்ள ஓட்டிக்கலாம்னுட்டாங்க.”

அவள் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். பிறகு, பிடித்துவைத்திருந்த பாட்டிலை நீட்டினாள்.

“எடுத்துட்டுப் போங்க. எனக்கு இன்னும் ஒரு தொட்டி கிடக்கு.”

“தட்டுக்கு முன்னாடிதானே?” என்று கண்ணடித்தார்.

திட்டக்கூடத் தெம்பில்லை. தொட்டிக்குள் குனிந்தபோதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.