பெயர் தெரியாத பழ வாசம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பெற்றேன், ஐந்தையும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் வளர்த்தேன். இதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான்; இதை எழுதி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. ஆகட்டும்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் நாற்பது வருஷமாகப் பழக்கடை போட்டிருக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டு மூக்கருகே கொண்டு வந்தாலே போதும், என்ன பழம், இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன்.

கொரோனா வந்த வருஷம் அருவியில் தண்ணீர் கொட்டியது, குளிக்கத்தான் யாரையும் விடவில்லை. கடையைக் கட்டிவிட்டு வீட்டோடு கிடந்தோம். விற்காத மங்குஸ்தான் ஒரு கூடை மூலையில் இருந்தது. மூத்த மகனின் மகளுக்கு அப்போது ஏழு வயது.

அந்தப் பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஓயாமல் ஒண்ணுக்குப் போனாள். எலும்பு தெரிய மெலிந்தாள். உடம்புச் சூடு என்று நினைத்து, குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தேன். ஒருநாள் தலை வாரிவிடும்போது அவள் வாயில் பழ வாசம் அடித்தது.

"ஏட்டி, மங்குஸ்தான எடுத்துத் தின்னியா?"

"இல்ல ஆச்சி."

"பொய்யா சொல்லுத? வாயில வாசம் அடிக்கே!"

"சத்தியமாத் திங்கல ஆச்சி."

முதுகில் ஒன்று வைத்தேன். கூடையைப் பரணில் ஏற்றினேன். மறுநாளும் அதே வாசம். அழுகப் போகிற பழத்தின் வாசம். ஆனால் எந்தப் பழம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஆத்திரத்தில் இன்னொரு அடி.

அதற்கு அடுத்த நாள் வாந்தி எடுத்தாள், மூச்சு வாங்கியது. நிறைமாதமாக இருந்த மருமகள் அழுதாள்.

"அத்த, தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்."

"மூச்சு வாங்குதுன்னு அங்கன போய்ச் சொன்னா, கொரோனான்னு பிள்ளயப் பிரிச்சுக் கொண்டு போயிருவாவ. பேசாம இரு. அஞ்சு வளத்தவ சொல்லுதேன்."

விடிந்தபோது பிள்ளை கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. மகன் பழம் ஏற்றும் லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு பறந்தான். கூட ஒருவர்தான் வரலாம் என்றார்கள், நான் போனேன்.

மூச்சு வாங்குகிறது என்றதும் கொரோனா சந்தேகம் உள்ளவர்கள் பக்கம் கொண்டு போனார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உறை போட்ட டாக்டரம்மா வந்தாள். இருமல் உண்டா, வீட்டில் யாருக்கும் காய்ச்சலா என்று கேட்டாள். இல்லை, இல்லை என்றேன். பிறகு கோபமா அழுகையா என்று தெரியாமல் வாய் திறந்துவிட்டது.

"தாயி, இவ களவாண்டு பழம் தின்னவ. கூடையப் பரண்ல ஏத்துன பொறவும் வாசம் போவல. நீங்களே மோந்து பாருங்க."

டாக்டரம்மா அப்படியே நின்றாள்.

"இந்த மாஸ்க்குக்குள்ள எனக்கு ஒரு வாசமும் தெரியாது ஆச்சி. பழ வாசமா? நல்லாத் தெரியுமா?"

"நாப்பது வருசமாப் பழம் விக்கேன். என்ட்டயா கேக்கிய?"

"தண்ணி ரொம்பக் குடிக்காளா?"

"குடம் குடமா."

உடனே பிள்ளையின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தாள். மெஷினால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை. அந்த மூச்சும் அந்த வாசமும் அதனால்தானாம். ஏழு வயதில் சர்க்கரை வரும் என்று நான் கண்டேனா?

பிள்ளைக்கு ஊசியும் டிரிப்சுமாக ஏறிய மூன்று நாளும் டாக்டரம்மா அந்த உறைக்குள் வேர்த்துக்கொண்டே வந்து வந்து பார்த்தாள். "நேத்தே வந்திருக்கணும் ஆச்சி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவள் முகம் எனக்குத் தெரியாது. அதனால் இன்றைக்கும் கடைக்கு வருகிற பெண்களில் எவள் அவளோ என்று, எல்லாருக்கும் ஒரு பழம் கூடப் போடுகிறேன்.

கண் திறந்ததும் பேத்தி கேட்டது இதைத்தான்:

"ஆச்சி, நான் பழம் திங்கலன்னு டாக்டரம்மாக்குத் தெரிஞ்சிட்டா?"

"தெரிஞ்சிட்டு, ஏட்டி."

சிரித்தாள். ஊசியெல்லாம் அதைக் கண்டுபிடிக்கத்தான் என்று நினைத்திருக்கிறாள். இனி தினமும் ஊசி என்பது அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தேன். கூடை வைத்தபடியே இருந்தது. அன்றைக்கும் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அவளே ஊசி போட்டுக்கொள்கிறாள். ஏட்டி, இங்கன வா. இதை வாசி. நான் அடிச்சேன்னு எழுதியிருக்க இடத்த முழுங்காம, சத்தமா வாசி.