மேடையில் கொடுத்த கவர்

அந்த நிதியை யாராவது குறை சொன்னால் இன்றைக்கும் நான் சண்டைக்குப் போவேன். ஒரகடம் ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் வந்த சமயம் அது. சில கம்பெனிகள் சேர்ந்து, சுற்றுப்பக்கத்து ஐந்து ஊர்களுக்கென்று ஒரு பொது நிதி ஏற்படுத்தினார்கள். கமிட்டியில் ஊருக்கு ஒரு ஆள். எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் அந்த நிதியில்தான் நடந்தது. சிலருக்குத் தையல் மெஷின் வந்தது, சிலருக்குக் கறவை மாடு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு மேல்படிப்பின் முதல் வருஷப் பணம் கொடுத்தார்கள். கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதும் இல்லை. நல்ல ஏற்பாடு. என் வயிற்றெரிச்சல் நிதியின் மேல் இல்லை.

எனக்குத் தண்டலம் பக்கம் ஒரு காலேஜில் நர்சிங் டிப்ளமோ சீட் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டவில்லை என்றால் சீட் போய்விடும். அப்பா கட்டட வேலையில் மூட்டை தூக்குகிறவர். கூலி வாங்குகிற நாளில் குடிப்பார். அது ஊருக்கே தெரிந்த விஷயம், ஒளிக்க ஒன்றுமில்லை. அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். இரண்டு பேரும் தலைகீழாக நின்றாலும் அந்தப் பணம் புரளாது. நிதிப் பணம் வந்தால் நான் நர்ஸ், வராவிட்டால் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் ஊருக்குக் கமிட்டி ஆள் வேறு யாரும் இல்லை, அம்மாவின் பெரியம்மா மகன். எனக்கு மாமா. அம்மாவுக்கு அவர் என்றால் உயிர். என் விண்ணப்பத்தை அவரே எங்கள் வீட்டில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "நீ ஊசியும் கையுமா வந்து நின்னா எனக்குத்தான் மொதல்ல குத்தணும்" என்று கிண்டல் செய்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. மேடை ஏறுவதற்கு முன்பே ஒரு ரிஜிஸ்டரில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு வரிசையாகக் கூப்பிட்டார்கள். கோட் போட்ட ஒருவர் என் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். போட்டோக்காரர், "கவர இன்னும் கொஞ்சம் மேல தூக்கும்மா" என்றார். தூக்கினேன். வாங்கியவர்கள் எல்லோரும் மேடைக்குப் பின்பக்கமாக இறங்கிப் போனார்கள். அம்மா முன்படியில் அழுதுகொண்டு நின்றதால் நான் முன்பக்கமாகவே இறங்கிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக ஷேர் ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் கவரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அதை முருகர் படத்துக்கு முன்னால் வைத்தாள். பிரிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னிக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. நல்ல காரியத்துக்கு வந்த பணம், செவ்வாக்கெழம பிரிச்சிக்கலாம். எங்க ஓடிடப் போவுது?"

எங்கள் வீட்டில் அஷ்டமி நவமியில் புதுத் துணிகூடக் கட்டமாட்டோம். அதனால் எனக்கு அது தப்பாகப் படவில்லை. போகும்போதும் வரும்போதும் கவரைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே மடித்து வைத்தது கைக்குத் தட்டுப்பட்டது.

திங்கட்கிழமை அப்பாவுக்கு வேலை இல்லை. அம்மா கேன்டீனுக்கும் நான் சர்டிபிகேட் வாங்கப் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட, பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்தார். செவ்வாய்க்கிழமை காலை அம்மா குளித்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டிவிட்டு கவரைப் பிரித்தாள். உள்ளே நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாள். வேறு ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தாள், கவரை உதறிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னா?" என்றார் அப்பா.

"நீதான் சொல்லணும்."

"நான் அதத் தொடவே இல்ல. சத்தியமா தொடல."

கேட்டது நான்தான். பதினேழு வயது, நாக்கில் நரம்பில்லாத வயது. "மொத்தத்தையும் குடிச்சிட்டியா? கொஞ்சமாவது மிச்சம் வெச்சிருக்கியா?" என்று அப்பாவின் முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

அம்மா ஓடிப்போய் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வெள்ளைத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் இன்னா சொல்றது? மேடையில அத்தினி பேரு பாக்க பொண்ணு கையில குடுத்தாங்க. கையெழுத்து கீது, போட்டோ கீது. அதுக்கப்புறம் நடந்தது உங்க வூட்டு விஷயம்."

"மச்சான், நீயாவது சொல்லு. பெத்த பொண்ணு படிப்புல கைய வெக்கிறவனா நானு?" என்றார் அப்பா.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மாவிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இது கம்பெனிக்காரங்க காதுக்குப் போச்சின்னா, குடிகாரன் வூட்டுக்கு ஏன் குடுத்தீங்கன்னு கேப்பாங்க. அடுத்த வருஷம் நம்ம தெருவுக்கே ஒண்ணும் வராது. வாய மூடிக்கினு இருங்க. பொண்ணுக்கு நான் ஒரு வழி பண்றேன்."

வாயை மூடிக்கொண்டோம். எங்களால் தெருவுக்கே கெடுதல் வரக்கூடாது என்று பயந்தோம். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. சீட் வேறு யாருக்கோ போயிற்று.

சொன்னபடி மாமா வழி பண்ணினார். இரண்டு மாதத்தில், கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் என்னைக் கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டார். அம்மா அவர் காலில் விழாத குறை. கோழி அடித்துக் குழம்பு வைத்து அவருக்குப் பரிமாறினாள். அவர் இலையில் துண்டு துண்டாகப் பொறுக்கி வைத்தது நான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை எரிகிறது.

நாலு வருஷம் அந்த லைனில் நின்றேன். ஒயர்களை நிறம் பார்த்துச் சொருகுகிற வேலை. அந்த நாலு வருஷமும் அப்பாவிடம் நான் சரியாகப் பேசவில்லை. சோற்றுத் தட்டைச் சத்தம் வர வைப்பேன், அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். இதில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அப்பா ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அதையும் நாங்கள் அவருக்கு எதிராகவே எடுத்துக்கொண்டோம். "பண்ண தப்பு உறுத்துது, அதான் உட்டுட்டாரு" என்பாள் அம்மா. நானும் ஆமாம் என்றேன்.

பிறகு பக்கத்து ஊரிலிருந்து ஒரு அக்கா எங்கள் லைனுக்கு வந்தாள். அவளும் நிதியில் உதவி வாங்கியவள். தையல் மெஷினுக்குப் பணம் வாங்கி, கொஞ்ச நாள் தைத்துவிட்டு, அது கட்டுப்படியாகாமல் வேலைக்கு வந்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் கேன்டீனில் என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏ, நீதான அந்தக் காலிக் கவர வூட்டுக்கே எடுத்துக்கினு போன பொண்ணு?"

எனக்குப் புரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மேடையில் கொடுத்ததெல்லாம் போட்டோவுக்கான கவர்கள். கையில் நிற்கட்டும் என்று உள்ளே வெள்ளைத் தாள் வைத்திருந்தார்கள். பின்பக்கம் இறங்கியதும் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, நிஜப் பணம் மறுநாள் கமிட்டி ஆபீஸில் என்று எல்லோரிடமும் சொன்னார்கள்.

"எண்ணிப் பாத்தா ஒரு கவரு கொறையுது. எல்லாரும் சிரிச்சோம். உங்க மாமாதான், 'அது எங்க வூட்டுப் பொண்ணு, பாவம், தெரியாம எடுத்துக்கினு போச்சி, நான் சொல்லிக்கிறேன்'னாரு. மறுநாளு உன் பணத்தையும் அவருதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாரு. நான் அவருக்குப் பின்னாடிதான் நின்னுக்கினு இருந்தேன்." பிறகு என் யூனிஃபார்மைப் பார்த்தாள். "ஆமா, நீ நர்ஸுக்குப் படிக்கலியா?"

அன்று ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"எப்பவோ நடந்ததுக்கு இப்ப இன்னா? அன்னிக்கு எனக்கு ஒரு அவசரம். திருப்பி வெச்சிட்லாம்னுதான் எடுத்தேன், முடியல. சும்மா உட்டுட்டனா உன்ன? கம்பெனில சேத்து உட்டது யாரு? மாசா மாசம் சம்பளம் வாங்கறல்ல?"

"எங்கப்பாவ ஏன் திருடனாக்குன?"

"நான் எங்க ஆக்குனேன்? நான் வரும்போதே நீங்க ரெண்டு பேரும் அவன அப்படித்தான் பேசிக்கினு இருந்தீங்க."

அவருடைய அயோக்கியத்தனத்தில் அந்த ஒரு வார்த்தை மட்டும் உண்மை. அதனால்தான் என்னால் அங்கே மேற்கொண்டு நிற்க முடியவில்லை. அத்தை காபி எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் அப்பா சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பணத்தை எடுத்தது மாமாதான், அந்த அக்கா கண்ணால் பார்த்திருக்கிறாள், நீ எடுக்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது என்றேன். அவர் கோபப்படுவார், மாமாவை அடிக்கப் போவார் என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டார். பம்பைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அன்னிக்கி உன் மாமன் சொன்னான், நம்புன. இன்னிக்கி எவளோ ஒருத்தி சொல்றா, நம்பற. நான் எடுக்கலன்னு நான்தாம்மா மொதல்ல சொன்னேன்."