ஆனேக்கல்லுக்கு ஐந்து அட்டை பட்டுப்புழு முட்டை

பெங்களூருக்கு நான் துணி வாங்கப் போவேன், நூல் வாங்கப் போவேன், மிஷினுக்கு ஊசி வாங்கப் போவேன். ஐப்பசி இரண்டாவது சனிக்கிழமை போனது அதற்கெல்லாம் இல்லை. ஆனேக்கல்லில் என் தங்கை சரோஜா பட்டுப்புழு வளர்க்கிறாள். அவளுக்கு முட்டை அட்டை வாங்கி வரப் போனேன். இதே வேலையாகப் போகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைப் போல் முட்டாள்தனம் பண்ணாமல் போய்வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். சரோஜாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரி. போன இரண்டு தடவையும் புழு பொரிந்தது, இலையைப் போட்டால் வாயே வைக்கவில்லை. தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிவிட்டு மூன்றாம் நாள் சுருண்டு கிடந்தது. அதே தெருவில் மற்றவர்கள் வீட்டில் எல்லாம் நன்றாக வந்தது. அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? சரோஜாவுக்குக் கைராசி இல்லை என்று பேச ஆரம்பித்தார்கள். அவளும் அதை நம்பிவிட்டாள். பொரிந்த புழுவை இறகால் தள்ளித் தட்டில் விடப் பக்கத்து வீட்டு ரத்னம்மாவைக் கூப்பிடுவதாக இருந்தாள். சரோஜாவின் புருஷன், என் மாப்பிள்ளை, நல்லவர்தான், ஆனால் பொறுமை போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு ராகி போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆக இந்த ஐந்து அட்டைதான் கடைசி வாய்ப்பு.

காலை ஐந்தே முக்காலுக்கு ஆனேக்கல்லில் முதல் பஸ். பெங்களூர் மார்க்கெட் வரை இருபத்திரண்டு மைல். கட்டணம் பதினான்கு அணா. நயா பைசா வந்து மூன்று வருஷமாகியும் கண்டக்டர் அணாவில்தான் கேட்கிறார். எண்பத்தெட்டு நயா பைசா கொடுத்தால் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறார். சந்தாபுரத்தில் பத்து நிமிஷம் நின்றது. ஏழரைக்கு மார்க்கெட்டில் இறங்கினேன். இரண்டு இட்லி, ஒரு காப்பி, நான்கு அணா. சட்னியில் தேங்காய் கொஞ்சம் தாராளம். அங்கிருந்து முட்டை ஆபீசுக்கு ஜட்கா எட்டணா. தூறல் என்றால் பத்தணா கேட்பான். கொடுக்காதீர்கள்.

முட்டை ஆபீஸ் என்று நாங்கள் சொல்வது நீளமான ஓட்டுக் கட்டடம். உள்ளே ஒருபுறம் தாய் அந்துப்பூச்சிகள் அட்டைமேல் முட்டையிடுகின்றன. ஒவ்வொன்றையும் ஒரு சின்னத் தகரப் புனலால் கவிழ்த்து மூடியிருக்கிறார்கள். மூடியை எடுத்தால் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டமாக முட்டை ஒட்டியிருக்கும். ஒரு வட்டத்தில் ஏறக்குறைய நானூறு முட்டை. அட்டைக்கு இருபது வட்டம். வழக்கமாக ஜன்னலில் சீட்டைக் கொடுத்து அட்டையை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவேன். அன்றைக்குத் தூறலாக இருந்ததால் கூட்டம் இல்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள்.

சூப்பர்வைசர் கன்னடக்காரர். தமிழ் பேசுவார். முந்தின புழு எப்படி வந்தது என்று விசாரித்தார். அவ்வளவுதான், எனக்கு அடக்கிவைத்தது எல்லாம் வந்துவிட்டது.

"எப்படி வரும்? நீங்க குடுக்குறது நோய் முட்டை. எங்க வீட்டுப் பொண்ணை ஊரே பேசுது" என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "பாருங்க" என்று கூப்பிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் அழைத்துப் போனார். ஐம்பது வயது இருக்கும். தெரேசாம்மா என்று பெயர். கோலார் தங்க வயலில் பிறந்து, இப்போது ஸ்ரீராம்புரத்தில் இருப்பவர். முட்டையிட்டு முடித்த ஒவ்வொரு தாய்ப் பூச்சியையும் தனித்தனியாகச் சின்ன உரலில் அரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அங்கே வழக்கம். நோய் இருந்தால் அந்த வட்டத்தையே எரித்துவிடுவார்களாம். அரைத்துக் கொடுப்பது தெரேசாம்மா. இருபது வருஷமாக அதே வேலை.

"நூறு வட்டம்னா நூறு பூச்சி அரைச்சிக்கிறேன். ஒண்ணு கூட வுடலை. எங்க முட்டைய பத்தி மட்டும் பேசாதீங்க" என்றார். பார்வை உரலை விட்டு நகரவில்லை.

சங்கடம் வந்தால் என் கை தானாக மூக்குப்பொடியைத் தேடும். பதினான்கு வருஷப் பழக்கம். பையிலிருந்து பொடி மட்டையை எடுத்து, ஒரு சிட்டிகைப் பொடியை மூக்கில் ஏற்றி, அது தந்த தைரியத்தில் அட்டைகளை வாங்கிப் பையில் வைக்கப் போனேன்.

சூப்பர்வைசர் பாய்ந்து வந்து அட்டையைப் பிடுங்கினார். "பேடா சாமி, வேண்டாம். பொடி போடுறவரா நீங்க? அந்தப் பையைக் காட்டுங்க."

காட்டினேன். என் தையல் பை. அளவு நாடா, சாக்கட்டி, கத்தரி, பொடி மட்டை எல்லாம் அதில்தான் கிடக்கும். அவர் பையைத் திருப்பி ஒரு வெள்ளைக் காகிதத்தில் உதறினார். தையல் மடிப்பிலிருந்து காப்பித்தூள் மாதிரிப் பொடி கொட்டியது.

"போன ரெண்டு தடவை அட்டை எதுல போச்சு?"

"இதுலதான்."

"எத்தனை நேரம்?"

யோசித்துச் சொன்னேன். இரண்டு தடவையும் ஊருக்குப் போகச் சாயங்காலம் ஆகிவிட்டது. சரோஜா வீட்டில் சுண்ணாம்பு அடித்து ஈரம் காயவில்லை. அதனால் பை அட்டையோடு ராத்திரி முழுக்க என் கடையில் மிஷின் பக்கத்து ஆணியில் தொங்கியது.

"முட்டையிலிருந்து வர்ற புழு முதல்ல எதை மிதிக்கும்? இந்த அட்டையை. அதுல புகையிலைத் தூள் இருந்தா என்ன ஆகும்? புழுவுக்கு அதைவிட விஷம் கிடையாது" என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும். புழு வீட்டுக்குள் பொடி, பீடி, வெற்றிலைப்பாக்குப் புகையிலை எதுவும் கூடாது என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். சரோஜா வீட்டு வாசலில் மட்டையை வைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டுதான் எட்டிக்கூடப் பார்ப்பேன். அந்தக் கட்டுப்பாட்டில் எனக்குப் பெருமை வேறு. ஆனால் வாசற்படிக்கு வெளியே, பஸ்ஸில், கடையில், முட்டைக்கும் அதே விதி என்று எனக்கு உறைக்கவே இல்லை. முட்டைதானே, புழு ஆகட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். என் தங்கை இரண்டு தடவையும் தன் கையைப் பார்த்துப் பார்த்து அழுதது என் பையால்.

"உங்ககிட்ட குடுக்க மாட்டேன். வேற ஆளை அனுப்புங்க. அடுத்த முட்டை எட்டு நாள் கழிச்சு" என்றார். எட்டு நாள் கழித்து என்றால் மல்பெரி இலை முற்றிப்போகும். இளம்புழுவுக்கு அது ஆகாது. மாப்பிள்ளை மண்வெட்டியை எடுத்துவிடுவார். இதைச் சொல்லி நான் கெஞ்சினேன். வெட்கமில்லாமல் அழுதும்விட்டேன்.

தெரேசாம்மா உரலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து வந்தார். "சார், எனக்கு ஒரு மணிக்கு டூட்டி முடியுது. நானே எடுத்துகினு போய்க் குடுத்துட்டு வரேன். இவ்ளோ பாத்துப் பாத்து அரைச்ச முட்டை இந்தாளு பையில சாவறதுக்கா?"

எனக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை. அரை மணி நேரம் முன்பு அவர் வேலையையே குறை சொன்னவன் நான்.

ஆபீஸ் குழாயடியில் குளித்தேன். பொடி மட்டையைச் சாக்கடையில் போட்டேன். அங்கிருந்த காவல்காரர் ஒரு பழைய சட்டை கொடுத்தார். அப்படியும் தெரேசாம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "மூக்கை எங்கே கழட்டி வைப்பே? பஸ்ல கடைசி சீட்டுல குந்து தம்பி, நான் முன்னாடி குந்திக்கிறேன்" என்றார். அட்டைகளைத் துளைபோட்ட காகிதப் பெட்டியில் வைத்து, மேலே ஈரத்துணியைப் பிழிந்து போட்டு, மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்றரை மணி பஸ். வழியில் ஒருவர் பீடி பற்றவைத்தார். தெரேசாம்மா எழுந்து நின்று, "அண்ணா, ஜல்தி அணைச்சிடுங்க. மடியில நாப்பதாயிரம் குழந்தை கீது" என்றார். அவர் குழம்பிப்போய் அணைத்துவிட்டார். நான் கடைசி சீட்டில் மூக்கொழுகிக்கொண்டு, தும்மலை அடக்கிக்கொண்டு, தலைவலியோடு உட்கார்ந்திருந்தேன். பதினான்கு வருஷப் பழக்கம் நான்கு மணி நேரத்தில் விடுமா?

இரண்டரைக்குச் சந்தாபுரம். அங்கே ஒரு வியாபாரி மூன்று புகையிலைச் சிப்பங்களை பஸ்ஸுக்குள்ளேயே ஏற்றினார். மேலே போட்டால் நனையும் என்றார். கண்டக்டரும் தலையாட்டினார். தெரேசாம்மா பெட்டியோடு இறங்கிவிட்டார். பின்னாலேயே நானும் இறங்கினேன். ஆனேக்கல்லுக்கு இன்னும் ஏழு மைல் இருந்தது.

கால் மணி நேரத்தில் ராகி வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் ஆனேக்கல் தாண்டிப் போகிறவர். விஷயத்தைச் சொன்னதும் வைக்கோலை ஒதுக்கி முன்பக்கம் இடம் பண்ணினார். தெரேசாம்மா ஏறிக் குடையை விரித்துப் பெட்டியை மூடிக்கொண்டார். நான் ஏறப் போனேன்.

"நீ பின்னாடி நடந்து வா. காத்து எதிர்ல அடிக்குது, உன் வாசனை இங்க வராது."

ஏழு மைலும் நடந்தேன். வண்டிக்காரர் சிரித்துச் சிரித்து மாட்டை ஓட்ட மறந்தார். ஐந்தே முக்காலுக்கு ஊர் எல்லை வந்தது. கூலி கொடுத்தபோது, தன் வீட்டிலும் புழு இருக்கிறது என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார்.

சரோஜா வீடு இன்னும் ஒரு மைல். தெரேசாம்மாவே அவள் கையில் பெட்டியைக் கொடுத்தார். ஆறே கால் பஸ் போய்விட்டதால் அன்று அங்கேயே தங்கினார். நாங்கள் என்ன கொடுத்தும் பஸ் கட்டணம் தவிர எதுவும் வாங்கவில்லை. ஞாயிறு முதல் பஸ்ஸில் மாதா கோவிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். என் பையைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நானும் விடவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. முதல் பஸ்ஸில் போங்கள், அட்டையை வெயில் ஏறுமுன் அல்லது வெயில் தாழ்ந்தபின் கொண்டுவாருங்கள். துளைபோட்ட பெட்டி, பிழிந்த ஈரத்துணி. பஸ்ஸில் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். உரமூட்டை, பூச்சிமருந்து, புகையிலை எது ஏறினாலும் இறங்கிவிடுங்கள். அடுத்த பஸ் வரும். பொடி போடுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், வீட்டில் வேறு யாரையாவது அனுப்புங்கள். நான் பொடியை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

புழு நன்றாகப் பொரிந்தது. ரத்னம்மா வந்து இறகால் தள்ளினாள். நான்கு தடவையும் ஒழுங்காகத் தோல் உரித்து, இருபத்தேழாம் நாள் சந்திரிகை என்கிற மூங்கில் தட்டில் ஏறிக் கூடு கட்டியது. மல்பெரியைப் பிடுங்கும் பேச்சை மாப்பிள்ளை எடுக்கவே இல்லை. கூடு உரிக்கும் அன்று நான் போயிருந்தேன். தெருவே கூடியிருந்தது. சரோஜா முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் தெரேசாக்கா கைராசி அண்ணா. ரத்னாக்கா கை வேற. நல்லவேளை புழு தள்ளறப்ப நான் தொடலை. இனிமே எப்பவும் தொடமாட்டேன்" என்றாள்.

என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. முட்டை பிழைத்துவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். பையை, ஆணியை, வெள்ளைக் காகிதத்தில் கொட்டிய பொடியை, வண்டிக்குப் பின்னால் நடந்த ஏழு மைலை, ஒன்று விடாமல் சொன்னேன். ரத்னம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள்.

சரோஜா கையிலிருந்த கூட்டைத் தட்டில் போட்டாள். "அப்ப என் கை இல்லியா?"

"உன் கை இல்லம்மா. என் மூக்கு."

அவள் என்னைத் திட்டவில்லை. உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரத்னாக்கா, அடுத்த புழுவை நானே தள்ளுறேன்" என்றாள்.