பீரிசில் விழாத சன்னம்

என் முன்னால் தோல் உரித்த காட்டு முயல் ஒன்று மல்லாக்கக் கிடக்கிறது. வலது கையில் முள் பிடுங்குகிற சாமணம், இடது கை முயலின் தொடைக்குள். வேட்டை இறைச்சித் தொழிலில் சுடுகிறவருக்குப் புகழ், தின்கிறவருக்கு ருசி, சன்னம் பொறுக்குகிறவளுக்கு இடுப்பு நோ. சன்னம் என்றால் வேட்டைத் துவக்கின் வெடியோடு முயலுக்குள் போய் ஒளிந்துகொள்ளுகிற, மிளகிலும் சின்னக் குண்டு. ஒரு முயல் முடிய, கையைக் கழுவிப்போட்டு இறைச்சி சுற்றுகிற தாளில் நாலு வரி எழுதுகிறேன். பிறகு அடுத்த முயல். இடையிடையே கொஞ்சம் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. நீங்களும் கடை வேலைக்காரர் என்றால் நான் சொல்லவே தேவையில்லை, உங்கள் கையிலும் ஏதாவது ஒரு வாடை இருக்கும்.

கடை பாரிசில், எங்கள் சனம் கடை போட்டிருக்கிற லா சப்பலில். முன்னுக்கு ஆடும் கோழியும், பின்னுக்குக் குளிரறைக்குப் பக்கத்தில் நானும் முயலும். செப்டம்பரில் வேட்டைக் காலம் தொடங்க என்னை எடுத்தார்கள். பெப்ரவரியில் காலம் முடிய, இங்கே கொந்திரா என்று சொல்லுகிற என் வேலை ஒப்பந்தமும் முடியும். "முயல் முடிஞ்சால் நீரும் முடிஞ்சுது" என்று முதலாளி அண்ணை வாயால் சொல்லவில்லை. அவர் நல்ல மனுசன், எழுத்தில் தந்தார். வேலையை நிரந்தரமாக்க ஒரே ஒரு வழிதான் வைத்திருந்தார்: நான் முன்னுக்கு வந்து சனத்தோடு கதைக்க வேண்டும்.

நான் வீட்டில் என் மனிசனிடம் உப்புக் கேட்கவே ஒருதரம் யோசிக்கிற ஆள். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடம் ஒரு பக்கம் போக நாங்கள் ஒரு பக்கம் போனோம். முதலாளி அண்ணையின் மனிசிக்கு ஆர்ஜொந்தெய்யில் ஒரு மச்சாள் இருந்தா. மூச்சு விடாமல் கதைப்பா. அந்த வேலைக்கு எனக்குப் பின்னால் அவ தயாராக நின்றா. கொந்திரா இல்லையென்றால் இரண்டு வயது மகளுக்குக் கிறஷ் என்கிற பிள்ளைக் காப்பகத்தில் இடம் இல்லை. கிறஷ் இல்லையென்றால் வீடு இருக்கிற வில்லியே லே பெல்லில் இருந்து அவளையும் தூக்கிக்கொண்டு வந்து வேலை செய்ய யாரும் விடப்போவதில்லை. இதுதான் நிலைமை. இனிச் சிரிக்கிற கதைகளைச் சொல்லுகிறேன்.

கறுப்பும் வெள்ளையும்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமை. ஒரு முயலில் ஒன்பது சன்னம் எடுத்துவிட்டு, என்ன கெட்டிக்காரி என்று நானே என்னை மெச்சிக்கொண்டிருந்தேன். பத்தாவது சன்னம் முதுகெலும்போடு ஒட்டிக்கொண்டு ஒரு அன்ரி வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்தநாள் அன்ரி வந்தா. சனிக்கிழமை, கடை நிறைய ஆக்கள். கைப்பையில் இருந்து ஒரு ரிசுத் தாளை எடுத்து மெதுவாக விரித்தா, நகைக்கடையில் தோடு காட்டுகிற மாதிரி. உள்ளே கறுப்பாக ஒன்று, வெள்ளையாக ஒன்று. "நீர் எடுத்த முயல், நீரே வந்து சொல்லும்" என்று முதலாளி அண்ணை என்னை முன்னுக்குத் தள்ளினார். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தானே வழக்கை முடித்துவைத்தா: "கறுப்பு உங்கடை, வெள்ளை என்ரை பல்லு. ரெண்டையும் நீங்களே வைச்சிருங்கோ பிள்ளை. எனக்கு அடுத்த முயலைத் தாங்கோ, கறி நல்ல ருசி."

பீரிசுச் சட்டம்

பல்லுப் போன கையோடு கடையில் புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு முயலுக்கும் ஒரு பீரிசு, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற சின்னத் தட்டு. உள்ளே இருந்து எடுத்த சன்னம் எல்லாம் அந்தப் பீரிசில். முயலை வாங்க வருகிறவருக்கு முதலில் பீரிசைக் காட்ட வேண்டும், பிறகுதான் பை. நான் கதைக்கத் தேவையில்லை, பீரிசு கதைக்கும். எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் சனம் சும்மா விடுமோ? பீரிசில் இரண்டு சன்னம் கிடந்தால், "மிச்சத்தை எனக்கே தள்ளிவிடப் பாக்கிறியளோ?" என்று சந்தேகம். துவக்குச் சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்குள் பாய்ந்த சனம் நாங்கள். இங்கே வந்து துவக்குச் சூடு எத்தனை பட்டது என்று பீரிசை எட்டிப் பார்த்துப் பேரம் பேசுகிறோம். ஒருநாள் ஒரு முயலில் பதினெட்டுச் சன்னம். பீரிசைக் கண்ட ஒரு ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். "பிள்ளை, இந்த முயல் ஆருக்கோ ஏதோ துரோகம் செய்திருக்குது, எனக்கு வேண்டாம்."

கோழிக்கால் துவக்கு

நவம்பரில் முதலாளியின் சிநேகிதன் பிஸ்டல் அண்ணை வந்தார். உண்மைப் பெயர் எனக்குத் தெரியும், சொன்னால் அவருக்குச் சந்தோசமாகிவிடும். எங்கேயோ ஒரு சூட்டுப் பயிற்சிக் கழகத்தில் அங்கத்தவர். இடுப்பில் அகலமான தோல் வார். எங்களுக்கு முயல் தருகிற பிரெஞ்சு வேட்டைக்காரர் நீட்டுத் துவக்கால்தான் சுடுவார். அதைக் கேட்டதும் பிஸ்டல் அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வெடியில் நூறு சன்னத்தை விசிறினால் குருடனுக்கும் முயல் விழுமாம். ஆம்பிளை என்றால் கைத்துவக்கு, ஒரே ஒரு குண்டு, இருபது மீற்றர். முயலுக்குச் சின்னக் குண்டு, பண்டி என்கிற காட்டுப் பன்றிக்குப் பெரிய குண்டு. கையை மரத்தில் சாத்த வேண்டும், மூச்சைப் பாதியில் நிற்பாட்ட வேண்டும். பிஸ்டலைக் கடைக்குக் கொண்டுவர முடியாதபடியால் தட்டில் கிடந்த கோழிக்கால் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக் குறி பார்த்துக் காட்டினார். வரிசையில் நின்ற சனம் குனிந்துவிட்டது.

எங்கள் கடையில் இறைச்சி வெட்டுகிறவர் லூர்து அண்ணன், புதுச்சேரிக்காரர், இந்த நாட்டுச் சட்டம் தெரிந்தவர். "சார், இங்க கைத்துப்பாக்கியால வேட்டையாட பெர்மி தரவே மாட்டாங்களே" என்று மெதுவாகக் கேட்டார். பிஸ்டல் அண்ணை கோழிக்காலை இறக்கவில்லை. "சட்டம் நாட்டிலை இருக்குது, நான் காட்டிலை இருக்கிறன்" என்றார். முதலாளி அண்ணை கை தட்டினார். லூர்து அண்ணன் என் பக்கம் திரும்பி, கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "இந்த ஆள் சுடவே வேணாம்மா, பேசினாலே முயல் தானா செத்துடும்."

வெட்கப்பட்ட சன்னம்

அடுத்த கிழமை அவர் தான் சுட்ட முயலைக் கொண்டுவந்தார். தோலைத் தானே உரித்துவிட்டாராம், நாங்கள் துப்புரவாக்கி வெட்டித் தர வேண்டுமாம். பின்னுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். காட்டு முயல் கறுத்து, மெலிந்து, நரம்பு தெரிய இருக்கும், ஓடித் திரிகிற சாதி. இது வெள்ளை வெளேரென்று, சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பு வைத்து, கூட்டுக்குள் இருந்து தின்ற முயல். தோளில் ஒரு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி இரத்தம் கன்றியிருக்கவில்லை. உயிரோடு இருக்கேக்கை பட்டால் சுற்றிவரக் கறுத்திருக்கும். இது செத்த பிறகு போட்ட ஓட்டை. மறுபக்கத்தால் வெளியே போகவும் இல்லை, உள்ளே குண்டும் இல்லை. லூர்து அண்ணன் எட்டிப் பார்த்து, "ஸ்க்ரூ டிரைவர்மா" என்றார்.

சட்டம் சட்டம்தானே. வெறும் பீரிசோடு முன்னுக்குப் போனேன். பீரிசை மட்டும் நீட்டினேன். முதலாளி அண்ணை, இப்பவாவது வாயைத் திறப்பாளோ என்று என்னைப் பார்த்தார். ஆர்ஜொந்தெய் மச்சாளும் அன்றைக்கென்று பார்த்து இறைச்சி வாங்க வந்து, முதலாளியம்மாவோடு கதைத்துக்கொண்டு நின்றா, மூச்சு விடாமல். பிஸ்டல் அண்ணை வெறும் பீரிசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முழுக் கடைக்கும் கேட்கச் சொன்னார்: "என்ரை சன்னமும் உம்மை மாதிரித்தான் தங்கச்சி, வெக்கம் கூட, ஆக்கள் முன்னாலை நிக்காது."

கடை சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பண்டி பார்த்த பார்வை

பெப்ரவரி வந்தது. கொந்திரா முடிய மூன்று கிழமை. ஒரு சனிக்கிழமை பிஸ்டல் அண்ணை சந்தைக்குப் போகிற தள்ளுவண்டியில் இரண்டு காட்டுப் பண்டித் தொடைகளோடு வந்தார். எர்-எ-எர் ரெயினில் வந்து வேர்த்துக் கொட்டியது. கார் ஞாயிற்றுக்கிழமையில் இருந்து கராஜிலாம். பண்டியை அவர் சுட்டதும் ஞாயிற்றுக்கிழமை விடியத்தானாம். இருபது மீற்றரில் நின்று கண்ணுக்குள் பார்த்ததாம், இவரும் பார்த்தாராம், ஒரே வெடியாம். "உங்கடை கடையிலையே வையுங்கோ, சனம் திண்டு பாக்கட்டும்" என்றார். முதலாளி அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு தொடையை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். மற்றதை வெட்டத் துப்புரவாக்கும்படி என்னிடம் தந்தார்.

பிரெஞ்சு வேட்டைக்காரர் தருகிற பண்டிக்குக் காலில் ஒரு இலக்கம் இருக்கும். இறைச்சிக்குள் புழு இல்லை என்று சோதித்த தாள் கூட வரும். இதில் ஒன்றும் இல்லை. "அண்ணை, தாள் எங்கை?" என்று கேட்டேன். கேட்டதே பெரிய காரியம். "உமக்குத்தானே கதைக்க வராது, இப்ப ஏன் கதைக்கிறீர்?" என்றார் முதலாளி அண்ணை. சரியென்று பின்னுக்குப் போனேன். தொடை எலும்பு உள்ளே மாவாய் நொறுங்கியிருந்தது. சதைக்குள் தார் வீதிக் குறுணிக்கல். சாமணத்தை இன்னும் ஆழமாக விட்டேன். ஒன்று தட்டுப்பட்டது, இழுத்தேன், கழுவினேன். செம்மஞ்சள் நிறம். கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக். விரல் நகமளவு.

லூர்து அண்ணன் அன்றைக்கு லீவு. முன்னுக்கிருந்து பல்லு அன்ரியின் குரல் கேட்டது: மகனின் பிறந்தநாளாம், முப்பது பேராம், பெட்டிக்குள் இருக்கிற தொடையை முழுதாகவே தரட்டுமாம். சொன்னால் முதலாளியின் சிநேகிதனை அவமானப்படுத்தினேன் என்று வேலை போகும். சொல்லாவிட்டால் முப்பது பேருக்குச் சோதிக்காத இறைச்சி போகும், அதுவும் என் கையால் ஒரு பல்லை ஏற்கெனவே பறிகொடுத்த மனுசிக்கு. கால் எப்படி முன்னுக்கு வந்தது என்று தெரியாது. பீரிசை மேசையில் வைத்தேன். என் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது.

"அண்ணை, இந்த முறை உங்கடை சன்னம் வெக்கப்படேல்லை. உள்ளைதான் நிண்டது" என்றேன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பிஸ்டல் அண்ணை மட்டும் கூரையைப் பார்த்தார். "கராஜிலை காருக்குப் புது லைட் பூட்டியாச்சோ?" என்றும் கேட்டுவிட்டேன். பல்லு அன்ரி அந்தச் செம்மஞ்சள் துண்டை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "ஏன் தம்பி, சுட முதல் நீர் சிக்னலும் போட்டனீரோ?"

கடைசி முயல்கள்

இரண்டு தொடையும் குப்பைக்குப் போனது. பிஸ்டல் அண்ணை தள்ளுவண்டியை மறந்து விட்டுவிட்டே போனார், அதில்தான் இப்போது வெங்காயம் வைத்திருக்கிறோம். முதலாளி அண்ணை கண்ணாடிப் பெட்டியைத் தானே கழுவித் துடைத்தார். இன்றைக்குக் கொந்திராவின் கடைசி நாள். காலையில் ஆர்ஜொந்தெய்யில் இருந்து போன் வந்தது. முதலாளி அண்ணை கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார். லூர்து அண்ணனிடம் என்ன நடக்கும் என்று கேட்டேன். "வாயைத் திறந்து கேட்டுட்டியே, அதுவே போதும்மா" என்றார்.

ஆகவே இந்த முயலையும் முடித்துவிட்டு ஆறு மாதத்துப் பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். இந்தா, முன்னுக்கிருந்து முதலாளி அண்ணை கூப்பிடுகிறார்: "பிள்ளை, கெதியா வாரும்! உந்தப் பேனையையும் கொண்டு வாரும், புதுக் கொந்திராவிலை ரெண்டு இடத்திலை கையெழுத்து வைக்க வேணும்!" வாறன், வாறன், இந்த ஒரு வரியை மட்டும் எழுதிப்போட்டு வாறன்: வேட்டைக்காரர் எல்லாரும் இரண்டுதரம் சுடுகினம், காட்டில் ஒருக்கா, கடையில் ஒருக்கா, காட்டில் சுடுகிறது தப்பினாலும் தப்பும், கடையில் சுடுகிறதுதான் ஒருநாளும்...