ஸ்ரீரங்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டிய கவிதை

எங்கள் மாதப் பத்திரிகையின் கவிதைப் பரிசுக்கு மூன்று பேர் கடைசிச் சுற்றில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்து எழுதி வரும்படி, யுத்தகால நெரிசலில் என்னைத் திருச்சிக்கு ரயிலேற்றிவிட்டார் ஆசிரியர். வழியெல்லாம் நின்றுகொண்டே வந்து, காலை ஆறே காலுக்கு ஜங்ஷனில் இறங்கினேன். காந்தி மார்க்கெட்டுக்கு ஜட்கா ஆறணா. வண்டிக்காரர் எட்டணாவில்தான் ஆரம்பிப்பார், அசையாதீர்கள்.

கவிஞர் காதர், மார்க்கெட்டை ஒட்டிய ஓர் அச்சகத்தில் அச்சுக் கோப்பவர். நாற்பது வயதிருக்கும். இழவு வீடுகளுக்குச் சரமகவியும் எழுதித் தருவார். இறந்தவரைப் பற்றிய இரங்கல் பாட்டை அச்சடித்து, பதினாறாம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கறுப்புக் கரை போட்ட தாள் அது. அடியில் துக்கப்பட்டவர் பெயர்தான் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்காது. போட்டிக்கு அவர் அனுப்பியிருந்தது, காலராவில் போன தம் மகள் ஜமீலாவைப் பற்றிய கவிதை.

"எம் பேரு போட்டு ஒரு வரிகூட வந்ததில்லைங்க. இது வந்துட்டா போதும்" என்றார். வேலை மும்முரம், நாலு மணிக்கு வரச் சொன்னார்.

அதுவரை சும்மா இருப்பானேன் என்று ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். நாலரை மைல், இரண்டணா. காவிரியில் மணல்தான் இருந்தது. சேவித்துவிட்டு வெளியே வந்தால் வெயில் தாங்கவில்லை. ஓர் அரிசிக் கடையில் தண்ணீர் கேட்டேன். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய ஒரு கறுப்புக் கரைத் தாள். கிட்டப் போய்ப் படித்தேன். வரிக்கு வரி காதரின் கவிதை. ஜமீலா என்ற இடத்தில் மட்டும் கமலா. அடியில் கடைக்காரர் பெயர்.

"எம் பொண்ணு கமலாங்க" என்றார் அவர். "தினம் கடையத் திறந்ததும் ஒருதரம் வாசிச்சிடுவேன். அப்புறந்தான் வியாபாரம்."

ஏற்கெனவே அச்சான கவிதை போட்டிக்கு ஆகாது. நாலு மணிக்குக் காதரிடம் கோபமாகத்தான் கேட்டேன்.

"மவ மவுத்தான அதே வாரம் அவரு வந்தாருங்க. எனக்கு வேற எதுவும் எழுத வரலை. பேரை மட்டும் மாத்திக் கொடுத்தேன். பதினாறு முடிஞ்சா அந்தத் தாளை யாருங்க வெச்சுக்கிறா? பொட்டலம் மடிக்கப் போயிருக்கும்னு நெனச்சேன்."

"மாட்டி வைத்திருக்கிறார். தினமும் படிக்கிறார்" என்றேன்.

 எனக்கே மனம் இளகி, நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

"வேணாங்க. அது இப்ப அவரு பொண்ணோடது. பத்திரிகையில வந்து அவரு கண்ணுல பட்டா என்ன ஆவாரு? போட்டியிலேர்ந்து எம் பேரை எடுத்துடுங்க."

போட்டிக்கு அவர் அனுப்பியிருந்த கைப்பிரதியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கிழித்துவிடச் சொல்லிவிட்டு, அச்செழுத்துப் பெட்டி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்ரீரங்கம் போகிறவர்கள் பத்து மணிக்குள் பார்த்துத் திரும்பிவிடுங்கள், அப்புறம் தரை கொதிக்கும். கடையைத் தேட வேண்டாம். இங்கே எல்லார் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். தற்செயலாகக் கண்ணில் பட்டால், நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். யார் எழுதியது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கைப்பிரதியைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கவிதையில் காதரின் மகள் பெயர் இருக்கும் தாள் அது ஒன்றுதான்.