சுவரில் ஒட்டிய ஏலச் செய்தி

பழைய சாமான் ஏலம் எங்கே, என்றைக்கு நடக்கிறது என்பதைத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லலாமா என்று என்னிடம் இன்றும் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதனால் எனக்கு நஷ்டம் ஆயிற்று. என் தகப்பனாருக்கு அதைவிட அதிகம் ஆயிற்று. ஆனாலும் கட்சி மாற எனக்கு இதுவரை காரணம் அகப்படவில்லை.

என் தகப்பனார் மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு, அதை ஒட்டி ஓர் ஓலைக் கொட்டகை. வேலையெல்லாம் கொட்டகையில்தான். ஸ்பிரிட்டில் அரக்கு கரைத்த வாசனை எங்கள் வீட்டுச் சோற்றில்கூட அடிக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேனா என்றால், ஆம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வருஷமே எனக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேர் கொட்டகைக்கு வருவார்கள். ஒருவர் அரிசி மண்டி முதலாளி, கடிகாரங்கள் சேர்க்கிறவர். இன்னொருவர் கட்டடக் காண்ட்ராக்டர்; பீங்கான் ஜாடிகளில் அவருக்குப் பைத்தியம். மூன்றாமவர் பழைய சாமான் கடைக்காரர். அவர் எதையும் சேர்க்கிறவரல்ல, சேர்க்கிற பைத்தியங்களுக்கு விற்கிறவர். மூவரும் தமிழ் வாசிப்பார்கள், இங்கிலீஷ் தெரியாது. துரைமார்கள் சீமைக்குப் போகும்போதும், பெரிய வீடுகள் கைமாறும்போதும் வருகிற ஏல விளம்பரங்களோ இங்கிலீஷ் பத்திரிகையில், பொடி எழுத்தில் மட்டும் வரும். கடைக்காரர் சனிக்கிழமைப் பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். நான் படித்து அர்த்தம் சொல்வேன். முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து, மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிற அடுப்பில் போட்டுவிடுவார். பட்டணம் முழுவதும் விற்ற பத்திரிகை. அதில் ஒரு பிரதியை எரித்துவிட்டு ரகசியத்தைக் காப்பாற்றியதாக மூன்று பேரும் நிம்மதியாக வெற்றிலை போடுவார்கள்.

இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு மயிலாப்பூரில் பஞ்சமில்லைதான். ஆனால் அவர்கள் அந்தப் பொடி எழுத்துப் பக்கம் கண்ணை ஓட்டுவதில்லை. அடுத்தவர் வீட்டில் புழங்கிய சாமான் தங்கள் வீட்டுக்கு ஆகாது என்பது அவர்கள் எண்ணம். ஆகவே அந்தச் செய்தி எங்கள் கொட்டகையைத் தாண்டிப் போகவில்லை.

படித்தபின் துண்டு விரியும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் செய்வது போலத்தான். மண்டிக்காரர் தோள் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொள்வார். அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அழுத்துவார்கள். எந்தச் சாமான் யாருக்கு, எந்த விலை வரைக்கும், விட்டுக்கொடுத்த மற்ற இருவருக்கும் என்ன என்பதெல்லாம் வாய் திறக்காமல் தீர்ந்துபோகும். அப்புறம் ஏலத்தன்று ஒரு சாமானுக்கு ஒருவர்தான் குரல் கொடுப்பார். மற்ற இருவரும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எதிர்க்குரல் இல்லாததால் சாமான் கேட்ட விலைக்கே விழும்.

இது வெறும் சாமர்த்தியம் என்றுதான் நானும் சில வருஷம் நினைத்திருந்தேன். ஒரு மார்கழியில் மந்தைவெளியில் ஓர் ஏலம் நடந்தது. புருஷனை இழந்த ஓர் அம்மாள் பம்பாயில் இருக்கும் மகனிடம் போவதற்காக வீட்டைக் காலி செய்தார். அங்கே வேலையாக இருந்த தகப்பனாருக்குச் சாப்பாடு எடுத்துப் போன நான் கூடத்துத் தூணருகே நின்றேன். ஊஞ்சல், கண்ணாடி பீரோ, சுவர்க் கடிகாரம், ஒவ்வொன்றும் ஒரே குரலுக்கு விழுந்தது. அந்த அம்மாள் கதவிடுக்கில் நின்றபடி ஏலக்காரரிடம், "இன்னும் யாராவது வருவா, சித்த நாழி பார்க்கலாமோ?" என்று கேட்டார். பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. தெரிந்தால்தானே வருவதற்கு? அந்த விளம்பரத்தைப் படித்துச் சொன்ன குரல் என்னுடையது. அன்றைக்கு நான் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். பேசியிருக்க வேண்டும்.

மறு வருஷம் நான் ஆசிரியைப் பயிற்சி முடித்து, கதர்ப் புடவை கட்டிக்கொண்டு, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்த விளம்பரம் அடையாற்றில், பாலம் தாண்டி ஆற்றோரமாக இருந்த ஒரு துரையின் பங்களாவைப் பற்றியது. சாமான் பட்டியலில் பாதி வந்தபோது என் குரல் தடுக்கிற்று. கறுத்த தோதகத்தி மரத்தில் செய்த எழுதும் மேசை ஒன்று. அந்த மேசையை நான் அறிவேன். பத்து வயதில் தகப்பனாரோடு அங்கே போய், உப்புத்தாள் போட்டபின் தூசி துடைத்தவள் நான். சாய்ந்த மூடியும், உள்ளே கடிதங்களுக்கு ஒன்பது அறைகளும், முழங்கை வைக்கும் இடத்தில் பச்சைத் தோலும் உண்டு. துடைத்து முடித்தபின்னும் துடைத்துக்கொண்டே இருந்தேன். உலகத்தில் எனக்கு வேண்டும் என்று நான் நினைத்த மரச் சாமான் அது ஒன்றுதான். இப்போது என்னிடம் எட்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது இருந்தது.

பட்டியலைப் படித்து முடித்தேன். துண்டு விரிந்தது.

"அந்த எழுதுற மேசைய நானும் கேக்கறேன்" என்று சொல்லித் துண்டுப் பக்கமாகக் கையை நீட்டினேன்.

மண்டிக்காரர் துண்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இன்னா பாப்பா இது? பொம்பளப் புள்ள கைய நான் துண்டுக்குள்ள புடிச்சா நாளைக்கு உன்ன எவன் கட்டிக்கினு போவான்?"

"டீச்சரம்மா மேசை போட்டுக் குந்திக்கினு கலெக்டருக்குக் காயிதம் எழுதப் போறாங்க போலக் கீது" என்றார் காண்ட்ராக்டர்.

"என் கை வேணாம்னா நைனா கையப் புடிங்க" என்றேன்.

மூவரும் தகப்பனாரைப் பார்த்தார்கள். எங்களுக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி அந்த மூன்று பேரிடமிருந்து வந்தது. அவர் உப்புத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கு ஒண்ணும் வாணாங்க. நீங்க பாத்து முடிச்சிக்குங்க" என்றார். மேசை கடைக்காரர் பங்குக்குப் போயிற்று. பத்திரிகை அடுப்புக்குப் போயிற்று.

அன்று பிற்பகல் நான் காபி கிளப்பில் அதே பத்திரிகையின் இன்னொரு பிரதியைக் கேட்டு வாங்கி வந்தேன். மூன்று முழுத் தாள்களில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன். பங்களா எங்கே, நாள், மணி, என்னென்ன சாமான், எல்லாவற்றையும் எழுதினேன். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், பெண்களும் கேட்கலாம் என்று கடைசியில் சேர்த்தேன். அந்த வரி இங்கிலீஷில் இல்லை. கேட்கக் கூடாது என்ற வரியும் அதில் இல்லை. ஒரு தாளை எங்கள் வாசகசாலைச் சுவரில் ஒட்டினேன். ஒன்று லஸ்ஸில் டிராம் நிற்கும் இடத்தில். இன்னொன்று மாம்பலத்தில், புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தெருவில் ஒரு மளிகைக் கடையில். எங்கள் சந்துக்கு மீன் கொண்டுவரும் அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்கு வாயால் சொன்னேன். தகப்பனாரிடமும் சொல்லிவிட்டேன். திருட்டுத்தனமாகச் செய்ய எனக்கு மனமில்லை. அவர் பஞ்சுப் பொதியை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை அந்தப் பங்களாத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. மூவரும் ஒரு மாட்டு வண்டியும் கயிறுமாக நிதானமாக வந்து இறங்கினார்கள். கூட்டத்தைக் கண்டதும் காண்ட்ராக்டர் யாரோ செத்துப்போய்விட்டார்களா என்று விசாரித்தார். ஏலக்காரர் நாற்காலி மேல் ஏறி ஆரம்பித்தார். முதலில் வந்தது காண்ட்ராக்டரின் நீல ஜாடி. அவர் துண்டில் முடிவான விலை வரைக்கும் கேட்டார். மாம்பலத்துக்காரர் ஒருவர் அதற்குமேல் கேட்டார். துண்டு விலைக்கு மேலே போக வேண்டுமானால் மற்ற இருவருக்குச் சேர வேண்டியதும் மாறும். அதை அவர்கள் மறுபடி விரலால் பேசித் தீர்த்தாக வேண்டும். ஆகவே மூன்று பேரும் அந்தக் கூட்டத்துக்கு நடுவே முதுகைத் திருப்பிக்கொண்டு துண்டை விரித்தார்கள். அவர்கள் விரல் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஏலக்காரர் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சுத்தியலைத் தட்டிவிட்டார். ஜாடி போயிற்று. கடிகாரமும் அப்படியே போயிற்று. வாயைத் திறந்து கேட்டாலே போதும் என்பது அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மீன்கார அம்மாள் ஓர் இரும்புக் கட்டிலை எடுத்தாள். "எங்க குப்பத்துக்கு இத்தாண்டதான் இந்தப் பங்களா கீது. இத்தினி வருசமா இங்க இன்னா விக்கறாங்கன்னு ஒருத்தனும் சொல்லலியே" என்று அவள் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

பிறகு மேசை வந்தது. கடைக்காரர் சீக்கிரம் ஓய்ந்துவிட்டார். நான் கேட்டேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. "அம்மா கேட்கிறார்கள்" என்று ஏலக்காரர் கூட்டத்துக்கு அறிவித்தார். எனக்கு எதிராகக் கேட்டது ஒரே ஒருவர்: குடை பிடித்த ஓர் அம்மாள், மாம்பலத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருப்பவர், தம் பெண் உட்கார்ந்து படிப்பதற்காகக் கேட்டார். என் எட்டு மாதமும் தீர்ந்த இடத்துக்கு அப்பால் அவர் இன்னும் ஒரு முறை கேட்டார். மூணு தரம் என்றதும் மேசை அவருக்குப் போயிற்று. ஏலச் செய்தி எப்படித் தெரியும் என்று அவரிடம் விசாரித்தேன். மளிகைக் கடையில் யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள் என்றார்.

கடைக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். தோட்டத்து வாசலில் என்னை மறித்தார். அவருக்கு உண்மையாகவே ஆத்திரம். "இருபது வருசம் நாயா அலைஞ்சி கத்துக்கினது இது. உனக்கும் இல்லாமப் போச்சி, எங்களுக்கும் இல்லாமப் போச்சி. வெள்ளக்காரனுக்குத்தான் நாலு காசு ஜாஸ்தி. கதரைக் கட்டிக்கினு பண்ற வேலையா இது?"

நான் சொன்னேன்: "போன மார்கழில மந்தவெளில கதவாண்ட நின்னாங்களே ஒரு அம்மா, அவங்களும் வெள்ளக்காரிங்களா?"

அவர் வெறும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

அவர் பேச்சில் ஒரு பாதி நியாயம் என்பதை நான் மறைக்கவில்லை. அன்று ஒருவர் வாங்கிய அலமாரியின் முதுகைக் கறையான் தின்றிருந்தது. கடைக்காரர் விரலால் தட்டிப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிட்டு விலகி நின்றார். அந்தக் கண் அவருடையது; இருபது வருஷம் அலைந்து சம்பாதித்தது. அதை ஊருக்குப் பங்கு போடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஏலம் எந்தக் கிழமை என்பதை அவர் அலைந்து சம்பாதிக்கவில்லை. அது எல்லோருக்குமாக அச்சடித்த செய்தி. அதைப் படித்துச் சொன்னது என் கண்.

மறுநாளே மண்டிக்காரரின் ஆள் வந்து, பாலிஷ் பாதியில் இருந்த கடிகாரப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போனான். காண்ட்ராக்டர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அந்த வருஷம் முழுவதும் தகப்பனார் மவுண்ட் ரோடில் ஒரு கடையில் தினக்கூலிக்குப் போனார். சொந்தக் கொட்டகையில் தன் இஷ்டத்துக்கு வேலை செய்த மனிதர், மணி அடித்தால் எழுந்து நிற்கும் இடத்துக்குப் போனது என்னால்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரே ஒருநாள், நான் அடுத்த ஏலத் தாளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது, அதன் மூலை மடங்கியிருப்பதாகச் சொல்லி நீவிவிட்டார்.

அந்த வாரத்திலிருந்து நான் ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. ஏலம் இருந்தால் எழுதுவேன், ஒட்டுவேன். கிழித்துப் போட்டார்கள், மறுபடி ஒட்டினேன். ஒரு பெண் சுவருக்குச் சுவர் பசைச் சட்டியோடு திரிவது அழகா என்று தலைமையாசிரியையிடம் புகார் போயிற்று. அழகில்லைதான் என்று ஒப்புக்கொண்டு, தொடர்ந்து ஒட்டினேன்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு மாலை, வாசகசாலைச் சுவர் முன்னால் கும்பலோடு கும்பலாகக் கடைக்காரர் நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பிக்கொள்ளவில்லை.

"இத்தினி ஒசரத்துல ஒட்டினா கழுத்து வலிக்குதும்மா. எழுத்தும் பொடியாக் கீது" என்றார்.

அவருக்காக நான் எழுத்தைப் பெரிதாக்கவில்லை. அது பெரிதாகத்தான் இருந்தது. தாளை மட்டும் அடுத்த வாரம் இரண்டு சாண் கீழே இறக்கி ஒட்டினேன்.