மழைக்கு மழை தெரிந்த வாசல்

எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கொத்தனார் கரண்டி பிடித்தவன் நான். நாலு பேர் முன்னால் பேச வராது, அதனால் எழுதுகிறேன். கொத்து வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காகவும், உள்ளம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று அடிக்கடி ஜெபிக்கிற எங்கள் சபையாருக்காகவும்.

1. கோடு

சங்கரன்கோவிலில் எங்கள் சபை மூப்பர் ஞானமுத்து அண்ணாச்சி, தன் வீட்டைப் புதுப்பிக்க என்னைக் கூப்பிட்டார். அவர் அப்பா கட்டிய வீடு அது. அண்ணன் தம்பி தகராறில் இரண்டாகி, முன்பாதியில் அண்ணாச்சியும் பின்பாதியில் தம்பி ஜெயசீலனும் இருந்தார்கள். தம்பிக்கு வாசல் பின்தெருவில். படுக்கையில் விழுந்துவிட்ட தாயார் தம்பி பக்கம். நடுவிலிருந்த கதவைக் கழற்றிவிட்டு, யாரோ ஒரு கொத்தனாரை வைத்துச் செங்கலால் அடைத்திருந்தார்கள்.

அடைத்தவர் பல் எடுக்கவில்லை. பழைய சுவரின் ஓரத்தைக் கொத்தி, புதுச் செங்கல் உள்ளே போய்க் கடித்து நிற்கும்படி கட்டுவதற்குத்தான் பல் எடுப்பது என்று பெயர். அது இல்லாவிட்டால் பழசும் புதுசும் சேராது. போதாததற்கு எங்கள் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மழைக்கு மழை அந்தச் சுவரில் வாசல் அளவுக்கு அப்படியே ஒரு கோடு விழுந்தது.

"வே தங்கராசு, பிரதிஷ்டை ஜெபத்துக்குச் சபையே வருது. அங்கன ஒரு கதவு இருந்த தடமே தெரியக் கூடாது."

"அடைச்சதப் பிரிச்சாத்தான் அண்ணாச்சி சரிவரும். பிரிச்சதோட பிரிச்சதா, கதவாவே விட்டுட்டா..."

"ஏன், ஒம்ம மச்சான் கதவுக்கடை போட்டிருக்கானோ?"

உள்ளே இருந்து அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் உளியை எடுத்துக்கொண்டேன்.

2. மறுபக்கம்

பழைய பூச்சைக் கொத்தத் தொடங்கியதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணாச்சியின் தாயார் குரல் வந்தது.

"ஏலே ஞானம், கதவத் தொறக்கியாலே?"

"நான் கொத்தனாரு தங்கராசு, பெரியம்மா."

"நல்லாயிரு மக்கா. பைய கொத்து, அவசரமில்ல. என்னால எந்திரிச்சு வர முடியாது. அவன்தான் இங்கன வரணும்."

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் டைல்ஸ் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவ நானா வெரட்டினேன்? அவன்லா வச்சிக்கிட்டு ஊரு பூரா என்னய நாறடிக்கான். நீரு கோழிவலய அடிச்சுப் பூசும்."

பின்தெருவைச் சுற்றிப் போனால் ஒரு பீடி குடிக்கிற தூரம்தான். விரிசல் மேல் பூச்சு பிடிக்க அடிக்கிற கம்பி வலைதான் கோழிவலை. அதற்கு ஆணி அடிக்கும்போதும் பெரியம்மா கேட்டார்கள்: "முடியப்போவுதா மக்கா?" நான் அடுத்த ஆணியை அடித்தேன். ஆணி சத்தத்தையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள் போல. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்வது கேட்டது.

3. வேட்டி, துண்டு

பிரதிஷ்டை அன்று போதகர் ஐயா அந்தச் சுவரைத் தடவிக் காட்டியே பிரசங்கம் செய்தார். "ஒரு கீறல் உண்டா பாருங்க! நம்ம உள்ளத்தையும் ஆண்டவர் இப்படித்தான் புதுசாக்குதாரு." எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

வழக்கம்போல் கொத்தனாருக்கு வேட்டி, துண்டு. அண்ணாச்சியே துண்டைப் போர்த்தினார். "ஒரு வார்த்தை சொல்லுங்க தங்கராசு" என்று ஐயா மைக்கை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"இந்தச் சுவத்துக்குப் பின்னால பெரியம்மா காத்துக் கெடக்காங்க. கதவத் தொறக்கோம்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க."

இதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை.

"கொத்தனாருட்ட மைக்கக் குடுத்தா இப்படித்தான். வாங்க வாங்க, பிரியாணி ஆறுது" என்றார் அண்ணாச்சி. சிரித்தார்கள். போதகர் ஐயாவும் சிரித்தார். வேட்டியையும் துண்டையும் நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

4. மழை

மழைக்கு முன்பே பெரியம்மா போய்விட்டார்கள். சவப்பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் அண்ணாச்சி பின்தெருவுக்குப் போனார். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். பொய் அழுகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் பெட்டிக்குள் இருந்தார்கள்.

முதல் மழை விட்டதும் போன் வந்தது.

"வே, கோடு திரும்பத் தெரியுது."

"கதவா விட்டிருவமா அண்ணாச்சி?"



"இனி யாருக்கு வே? வந்து பூசும்."

நான் போகவில்லை. வேறு ஆள் பூசியிருக்கிறார். அதற்கு அடுத்த மழையில் கோடு மறுபடியும் வந்துவிட்டது என்று கேள்வி.

பிள்ளைகளே, பழுது பார்க்கிற வேலையில் முதலில் உளி, கடைசியில்தான் கரண்டி. ஆண்டவரும் உளியோடுதான் வருவார் என்று நினைக்கிறேன். நாம் அவர் கையில் கரண்டியைக் கொடுத்து, "கோடு தெரியாமப் பூசும்" என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று காலை கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் ஒரு மாலை, தம்பி ஒரு மாலை. இவர் போன பிறகு அவர் வந்தார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்.